பட்டு நெசவாளி கண்ட இரட்டைக் கண்ணாடி

லண்டன் நகரில் ஒரு பட்டு நெசவாளி இருந்தார். பகலில் தறியில் உட்காருவார். இரவில் புத்தகத்தில் மூழ்குவார். 45 வயது வரை அவருடைய கைக்குப் பழக்கமானவை நாடாவும் நூலும்தான்.

அப்படிப்பட்டவர், மாமேதை நியூட்டனே முடியாது என்று கைவிட்ட ஒரு காரியத்தைச் செய்து காட்டினார். இரண்டு விதக் கண்ணாடிகளை ஒன்று சேர்த்தார். தொலைநோக்கியின் பெரிய குறை தீர்ந்தது. விஞ்ஞானிகள் அவரைப் பாராட்டினார்கள். அரண்மனையும் அவரை அழைத்துக் கொண்டது.

ஆனால் அதே இரண்டு கண்ணாடிகள் அவருடைய குடும்பத்தைக் கோர்ட்டு வாசலிலும் கொண்டு போய் நிறுத்தின. ஏற்கெனவே இருக்கிற இரண்டு பொருள்களைச் சேர்த்து வைப்பது ஒரு கண்டுபிடிப்பு ஆகுமா? முதலில் கண்டுபிடித்து மறைத்து வைத்தவருக்கு உரிமையா? பிறகு கண்டுபிடித்து ஊருக்குக் கொடுத்தவருக்கு உரிமையா?

இந்தக் கேள்விகளுக்கு வயது 250 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இன்றும் சட்டம் படிப்பவர்கள் இவற்றைப் பற்றிப் பேசுகிறார்கள். கேள்விகளைக் கிளப்பிய அந்த நெசவாளியின் பெயர் ஜான் டாலண்ட்.

அகதிக் குடும்பம்

ஜான் டாலண்ட் பிறந்தது 1706-ம் ஆண்டு ஜூன் மாதம். ஊர் லண்டனில் உள்ள ஸ்பிட்டல்பீல்ட்ஸ்.

அவருடைய குடும்பத்தின் பூர்வீகம் இங்கிலாந்து அல்ல. பிரான்சு நாட்டின் நார்மண்டி. அந்தக் குடும்பத்தினர் புராட்டஸ்டண்டு கிறிஸ்தவர்கள். 1685-ம் ஆண்டு பிரான்சு மன்னர் 14-ம் லூயி அந்த மதத்தவருக்கு இருந்த பாதுகாப்பை ரத்து செய்தார். ஆயிரக்கணக்கானோர் வீடு வாசலை விட்டு வெளியேறினார்கள். அவர்களில் பலர் லண்டனுக்கு வந்து ஸ்பிட்டல்பீல்ட்சில் பட்டுத்தறி போட்டார்கள்.

திண்டுக்கல் வாசகர்களுக்கு இது புதிய கதை அல்ல. நாகல் நகரில் வாழும் சவுராஷ்டிர மக்களின் முன்னோர்களும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பு குஜராத் பக்கத்தில் இருந்து தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள்தான். அவர்கள் கொண்டு வந்த சொத்து நெசவுத் தொழிலும் தாய்மொழியும். பக்கத்தில் உள்ள சின்னாளபட்டியில் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்கும் டாலண்டின் இளமைக்காலம் எளிதில் விளங்கும்.

ஜான் சிறுவனாக இருக்கும்போதே தகப்பனார் இறந்து விட்டார். தறியை விட்டால் பிழைக்க வழி இல்லை. பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் தறியில் உட்கார்ந்தான் சிறுவன்.

ஆனாலும் படிப்பின் மேல் இருந்த ஆசை அடங்கவில்லை. வேலை முடிந்த பிறகு கணக்குப் படித்தார். வான சாஸ்திரம் படித்தார். அந்த நாளில் விஞ்ஞானப் புத்தகங்கள் பலவும் லத்தீன் மொழியில் இருந்தன. அதனால் லத்தீனும் கற்றுக் கொண்டார். கிரேக்க மொழியும் கற்றார். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒளி எப்படிச் செல்கிறது, கண்ணாடியில் பட்டால் எப்படி வளைகிறது என்ற விஷயத்தில் அவருக்குத் தீராத ஆர்வம்.

கல்யாணம் ஆயிற்று. குழந்தைகள் பிறந்தன. மூத்த மகன் பீட்டருக்கும் தறி வேலை பழக்கினார். அதோடு தான் படித்ததையும் சொல்லிக் கொடுத்தார்.

மகனுக்குத் தறியில் மனம் ஒட்டவில்லை. 1750-ம் ஆண்டு, சுமார் 20 வயதில், மூக்குக் கண்ணாடிகளும் தொலைநோக்கிகளும் செய்யும் சிறிய கடை ஒன்றைத் திறந்தான். வியாபாரம் நன்றாக நடந்தது. இரண்டு ஆண்டு கழித்து தகப்பனாரும் தறியை விட்டு விட்டு மகனுடைய கடைக்கு வந்து சேர்ந்தார்.

வந்த சில நாட்களிலேயே ஜானின் திறமை வெளிப்பட்டது. தொலைநோக்கியில் கண் வைக்கும் பக்கத்தில் கூடுதல் லென்சுகள் பொருத்தி, காட்சியைத் தெளிவாக்கினார். 1754-ல் ஒரு லென்சை இரண்டாக அறுத்து, பாதிகளை நகர்த்தி, சூரியனின் அகலத்தையும் நட்சத்திரங்களுக்கு இடையே உள்ள தூரத்தையும் அளக்கும் கருவி செய்தார்.

வானவில் செய்த தொல்லை

அந்தக் காலத்துத் தொலைநோக்கியில் ஒரு பெரிய குறை இருந்தது.

நடுவில் தடித்த லென்ஸ் ஒன்றின் வழியாக வெளிச்சம் போனால் அது வளைந்து ஓரிடத்தில் சேரும். அதனால்தான் உருவம் கிடைக்கிறது. ஆனால் வெள்ளை வெளிச்சம் பல நிறங்களின் கலவை. கண்ணாடி ஒவ்வொரு நிறத்தையும் ஒவ்வொரு அளவில் வளைக்கிறது. நீலம் அதிகம் வளையும். சிவப்பு குறைவாக வளையும். எல்லா நிறமும் ஒரே இடத்தில் கூடுவதில்லை.

விளைவு என்ன? நிலவைப் பார்த்தால் நிலவின் ஓரம் எல்லாம் வானவில் கரை. நட்சத்திரத்தைப் பார்த்தால் நிறம் நிறமாகக் கலங்கல்.

இந்தத் தொல்லையைக் குறைக்க, தொலைநோக்கியை மிக மிக நீளமாகச் செய்து பார்த்தார்கள். போலந்து நாட்டு டான்சிக் நகரில் எவேலியஸ் என்பவர் 150 அடி நீளத்தில் ஒரு தொலைநோக்கி செய்தார். உயரமான கம்பத்தில் கயிறு கட்டித் தூக்கினால்தான் அது நிற்கும். காற்று அடித்தால் ஆடும். அதை வைத்து வேலை பார்ப்பது பெரும்பாடு.

இங்கிலாந்தில் நியூட்டன் இந்த விஷயத்தை ஆராய்ந்தார். முப்பட்டைக் கண்ணாடியில் வெளிச்சத்தைப் பாய்ச்சி நிறங்களைப் பிரித்துக் காட்டியவர் அவர்தான். வெளிச்சம் வளைந்தால் நிறம் பிரிந்தே தீரும், நிறத்தை நீக்கினால் வளைவும் போய் விடும் என்று முடிவு கட்டினார். லென்சை நம்பிப் பயன் இல்லை என்று சொல்லி, 1668-ம் ஆண்டு கண்ணாடி லென்சுக்குப் பதிலாக உலோகத்தால் ஆன குழி ஆடி வைத்துத் தொலைநோக்கி செய்தார்.

நியூட்டன் சொன்னால் அதற்கு அப்பீல் உண்டா? தொழில் செய்தவர்கள் பெரும்பாலும் அந்த முயற்சியையே விட்டு விட்டார்கள்.

நியூட்டனுக்காக வாதாடியவர்

1747-ல் பெர்லின் நகரில் இருந்த கணித மேதை ஆய்லர் ஒரு யோசனை சொன்னார். நம் கண்ணுக்குள் பலவித நீர்மங்கள் இருக்கின்றன. அவற்றின் வழியாக வெளிச்சம் வளைகிறது. ஆனாலும் நமக்கு வானவில் கரை தெரிவதில்லை. அப்படியானால் கண்ணாடியையும் தண்ணீரையும் சேர்த்து நிறம் இல்லாத லென்ஸ் செய்ய முடியும் என்பது அவர் வாதம்.

இதை மறுத்துக் கடிதம் எழுதியவர் யார் தெரியுமா? சாட்சாத் ஜான் டாலண்ட்தான்! நியூட்டன் சோதனை செய்து சொல்லி இருக்கிறார், அதற்கு மேல் பேச்சு இல்லை என்ற கட்சியில் நின்றார் அவர்.

இந்தச் சமயத்தில் சுவீடன் நாட்டுப் பேராசிரியர் கிளிங்கென்ஸ்டியர்னா, நியூட்டனின் கணக்கு எல்லா நேரத்திலும் பொருந்தாது என்று எழுதிக் காட்டினார். அது டாலண்டின் மனத்தைக் குடைந்தது. யார் சொன்னாலும் சரி, கையால் செய்து பார்த்து விடுவோம் என்று இறங்கினார்.

1757-ம் ஆண்டு. இரண்டு கண்ணாடித் தகடுகளைப் பாதி திறந்த புத்தகம் போல ஒட்டினார். பக்கங்களை அடைத்து உள்ளே தண்ணீர் ஊற்றினார். அந்தத் தண்ணீருக்குள் ஒரு முப்பட்டைக் கண்ணாடியைத் தலைகீழாக வைத்தார். தண்ணீர் ஒரு பக்கம் வளைக்கும். கண்ணாடி எதிர்ப்பக்கம் வளைக்கும். புத்தகத்தை விரித்துக் கொண்டே போய், இரண்டு வளைவும் சரிக்குச் சரியாகிப் பொருள் நேராகத் தெரியும் இடத்தில் நிறுத்தினார்.

நியூட்டன் சொன்னபடி நிறம் மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை! பொருள் நேராகத் தெரிந்தது. அதைச் சுற்றி நிறக் கரையும் பளிச்சென்று தெரிந்தது.

டாலண்ட் உடனே மறுபக்கத்தை யோசித்தார். வளைவு போய் நிறம் நிற்கிறது என்றால், நிறம் போய் வளைவு நிற்கும்படியும் செய்யலாம் அல்லவா?

இரண்டு குறை சேர்ந்தால் ஒரு நிறை

தண்ணீர் லென்ஸ் அன்றாட உபயோகத்துக்கு ஒத்து வராது. ஆகவே விதவிதமான கண்ணாடிகளைச் சோதித்தார்.

அந்த நாளில் கடையில் கிடைத்த கண்ணாடிகளில் இரண்டு வகை முக்கியமானவை. ஒன்று, ஜன்னலுக்குப் போடும் கிரவுன் கண்ணாடி. மற்றொன்று, கிண்ணமும் கோப்பையும் செய்யும் பிளிண்ட் கண்ணாடி. பிளிண்ட் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கும். அது நிறங்களை மிகவும் சிதறடிக்கும்.

டாலண்ட் கிரவுன் கண்ணாடியில் நடுவில் தடித்த லென்ஸ் செய்தார். பிளிண்ட் கண்ணாடியில் நடுவில் குழிந்த லென்ஸ் செய்தார். இரண்டையும் முதுகோடு முதுகாகச் சேர்த்தார்.

இதை ஒரு வரவு-செலவுக் கணக்குப் போலப் பாருங்கள். விளங்குவதற்காகச் சொல்லும் கணக்கு இது. கிரவுன் லென்ஸ் 100 ரூபாய்க்கு வளைக்கிறது, 10 ரூபாய்க்கு நிறம் பிரிக்கிறது என்று வைத்துக் கொள்வோம். குழிந்த பிளிண்ட் லென்ஸ் எதிர்ப்பக்கமாக 60 ரூபாய்க்குத்தான் வளைக்கிறது. ஆனால் நிறத்தை 10 ரூபாய்க்குப் பிரிக்கிறது. கழித்துப் பார்த்தால் நிறம் பூஜ்யம். வளைவில் 40 ரூபாய் கையில் நிற்கிறது!

வானவில் கரை அநேகமாக மறைந்தது. குட்டையான தொலைநோக்கியிலேயே தெளிவான உருவம் கிடைத்தது.

நம் வீட்டுப் பெண்களுக்கு இப்படிப்பட்ட சேர்க்கை ஒன்று நன்றாகத் தெரியும். மஞ்சள் தூளின் நிறம் மஞ்சள். சுண்ணாம்பின் நிறம் வெள்ளை. இரண்டையும் தண்ணீரில் கரைத்தால் ஆரத்தித் தட்டில் சிவப்பு நிறம் வருகிறது. அந்தச் சிவப்பு மஞ்சளிலும் தெரியாது, சுண்ணாம்பிலும் தெரியாது. சேர்ந்த பிறகுதான் தோன்றுகிறது. டாலண்டின் லென்சிலும் அதுதான் நடந்தது. இரண்டு லென்சுகளும் தனித்தனியே நிறம் காட்டுபவை. சேர்ந்தால் நிறம் இல்லை.

பேட்டண்ட் கிடைத்தது

புதிய பொருளைக் கண்டுபிடித்தவருக்கு அரசாங்கம் ஒரு உரிமை கொடுக்கிறது. குறிப்பிட்ட காலம் வரை அவருடைய அனுமதி இல்லாமல் வேறு யாரும் அதைச் செய்து விற்கக் கூடாது. இதற்குத்தான் பேட்டண்ட் என்று பெயர். காப்புரிமை என்றும் சொல்வார்கள். அன்றைய இங்கிலாந்தில் அதற்குக் காலம் 14 ஆண்டு.

பேட்டண்ட் வாங்க ஏராளமாகப் பணம் செலவாகும். டாலண்டிடம் அவ்வளவு பணம் இல்லை. பிரான்சிஸ் வாட்கின்ஸ் என்ற கண்ணாடி வியாபாரி கூட்டுச் சேர்ந்தார். லாபத்தில் அவருக்குப் பங்கு என்று ஏற்பாடு. 1758-ம் ஆண்டு ஏப்ரலில் டாலண்டின் பெயருக்குப் பேட்டண்ட் வழங்கப்பட்டது.

சில வாரங்களில், லண்டன் ராயல் சொசைட்டியில் அவருடைய சோதனைகளைப் பற்றிய கட்டுரை படிக்கப்பட்டது. அந்த ஆண்டே, அந்தச் சங்கத்தின் உயர்ந்த பரிசான காப்ளி பதக்கம் அவருக்குக் கிடைத்தது. பள்ளிப் படிப்பைப் பறிகொடுத்த நெசவாளியின் கையில் விஞ்ஞானிகளின் பதக்கம்!

1761-ல் அவர் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் ஆனார். மன்னர் 3-ம் ஜார்ஜின் கண்ணாடிக் கலைஞராகவும் நியமிக்கப்பட்டார். அதே ஆண்டு நவம்பர் 30-ந் தேதி, மூளையில் ஏற்பட்ட திடீர்த் தாக்குதலால் காலமானார். அப்போது அவருக்கு வயது 55.

மகன் தொடுத்த வழக்கு

ஜான் டாலண்ட் உயிரோடு இருந்தவரை பேட்டண்டைக் காட்டி யாரையும் கோர்ட்டுக்கு இழுக்கவில்லை. லண்டனில் இருந்த மற்ற தொழிலாளர்களும் இரட்டை லென்ஸ் செய்து விற்று வந்தார்கள்.

மகன் பீட்டர் வேறு விதம். கணக்கில் கெட்டி. 1763-ல் வாட்கின்சுக்குப் பணம் கொடுத்துக் கூட்டில் இருந்து விலக்கினார். பிறகு, அனுமதி இல்லாமல் இரட்டை லென்ஸ் செய்பவர்கள் மீது வழக்குத் தொடுக்க ஆரம்பித்தார். பழைய கூட்டாளி வாட்கின்சும் தப்பவில்லை.

லண்டன் கண்ணாடித் தொழிலாளர்கள் கொதித்து எழுந்தார்கள். பலர் சிறு பட்டறைக்காரர்கள். கையில் செய்து முடித்த லென்சுகள் இருந்தன. விற்கக் கூடாது என்றால் குடும்பம் என்ன ஆவது? 1764-ம் ஆண்டு 35 பேர் கையெழுத்துப் போட்டு, பேட்டண்டை ரத்து செய்யும்படி மன்னரின் ஆலோசனை சபைக்கு மனு கொடுத்தார்கள்.

இரட்டை லென்ஸ் டாலண்டின் கண்டுபிடிப்பே அல்ல, அவருக்கு 25 ஆண்டுக்கு முன்பே வேறு ஒருவர் செய்து விட்டார் என்பதுதான் அவர்களுடைய வாதம்.

யார் அந்த வேறு ஒருவர்?

ரகசியம் காத்த வக்கீல்

அவர் பெயர் செஸ்டர் மூர் ஹால். எசெக்ஸ் பகுதியைச் சேர்ந்தவர். வக்கீல் படிப்புப் படித்தவர். வசதியானவர். விஞ்ஞானம் அவருக்குப் பொழுதுபோக்கு.

அவரும் மனிதக் கண்ணைப் பற்றி யோசித்துத்தான் இந்த வழிக்கு வந்தார். 1729-ம் ஆண்டு வாக்கில் இரண்டு விதக் கண்ணாடிகளைச் சேர்க்கலாம் என்று கண்டார். 1733 வாக்கில் செய்து பார்க்க விரும்பினார். ஆனால் ரகசியம் வெளியே போய் விடக்கூடாது என்று ஒரு தந்திரம் செய்தார்.

ஒரு லென்சை ஒரு கடையிலும், மற்றொரு லென்சை வேறு கடையிலும் செய்யச் சொன்னார். ஒருவருக்குத் தெரிவது மற்றவருக்குத் தெரியாது அல்லவா?

விதியின் விளையாட்டைப் பாருங்கள். அந்த இரண்டு கடைக்காரர்களுக்கும் வேலை அதிகம். இருவரும் தங்களுக்கு வந்த வேலையை வேறு ஒரு தொழிலாளியிடம் ஒப்படைத்தார்கள். இருவரும் தேர்ந்தெடுத்தது ஒரே ஆளை! அவர் பெயர் ஜார்ஜ் பாஸ்.

பாஸ் இரண்டு லென்சையும் தேய்த்தார். இரண்டுக்கும் சொந்தக்காரர் ஒருவரே என்று தெரிந்தது. ஒன்றை ஒன்றின் மேல் வைத்துப் பார்த்தார். கச்சிதமாகப் பொருந்தின. கண்ணில் வைத்துப் பார்த்தார். வானவில் கரை இல்லை. ரகசியம் வெளிப்பட்டு விட்டது.

ஹால் சில தொலைநோக்கிகள் செய்து வைத்துக் கொண்டதோடு சரி. கட்டுரை எழுதவில்லை. பேட்டண்ட் கேட்கவில்லை. டாலண்ட் குடும்பத்துக்குப் பேரும் பணமும் வந்தபோதும் பங்கு கேட்டு வரவில்லை.

தீர்ப்பு

1764-ல் கொடுத்த மனுவால் பேட்டண்ட் ரத்து ஆகவில்லை. 1766-ம் ஆண்டு சாம்ப்னீஸ் என்ற தொழிலாளி மீது பீட்டர் தொடுத்த வழக்கு லண்டன் கோர்ட்டில் விசாரணைக்கு வந்தது. ஹால் முன்பே செய்தார் என்ற விஷயம் கோர்ட்டில் எடுத்துச் சொல்லப்பட்டது.

ஆனாலும் தீர்ப்பு பீட்டர் பக்கம் வந்தது. தன் கண்டுபிடிப்பை மேஜைக்குள் பூட்டி வைத்துக் கொண்டவருக்கு அல்ல, அதைப் பொதுமக்களின் நன்மைக்காக வெளியே கொண்டு வந்தவருக்கே பேட்டண்டின் பலன் சேர வேண்டும் என்பது நீதிபதி சொன்ன காரணத்தின் சாரம்.

பீட்டர் வெற்றி பெற்றார். பேட்டண்ட் 1772-ல் காலாவதி ஆகும் வரை இரட்டை லென்ஸ் வியாபாரத்தில் டாலண்ட் கடையின் கை ஓங்கி இருந்தது. சிறு பட்டறைக்காரர்கள் பணம் கட்டினார்கள், அல்லது தொழிலை மாற்றிக் கொண்டார்கள். பேட்டண்ட் முடிந்த பிறகு எல்லோரும் தடையின்றிச் செய்தார்கள். அதற்கு முந்திய ஆண்டே, 1771-ல், ஹால் இறந்து விட்டார்.

மருமகன் கிளப்பிய சந்தேகம்

கதை அத்துடன் முடியவில்லை. ஜான் டாலண்டின் மகள் சாராவை மணந்தவர் ஜெசி ராம்ஸ்டன். அவரும் கருவிகள் செய்வதில் மகா கெட்டிக்காரர். இரட்டை லென்ஸ் பேட்டண்டில் ஒரு பங்கு அவருக்குச் சீதனமாகக் கிடைத்தது என்று சொல்வார்கள்.

அதே மருமகன் 1789-ம் ஆண்டு வாக்கில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். பாஸ்தான் தன் மாமனாருக்கு ஹாலின் ரகசியத்தைச் சொன்னவர் என்று எழுதினார். பீட்டர் சும்மா இருப்பாரா? தன் தகப்பனார் சொந்தமாகச் சோதித்துக் கண்டுபிடித்தார் என்று விளக்கி ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார்.

யார் சொன்னது சரி? வரலாற்று ஆசிரியர்களிடையே இதில் ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் ஒரு விஷயத்தை மறுக்க முடியாது. இரண்டு கண்ணாடி பொருந்தும் என்ற செய்தி காதில் விழுந்திருந்தாலும், ஏன் பொருந்துகிறது என்று சோதித்து, எழுதி, உலகுக்குச் சொன்னவர் டாலண்ட். பாஸ் கையில் இரண்டு லென்சும் இருந்தன. ஹால் கையில் அறிவும் பணமும் இருந்தன. 25 ஆண்டுகள் வரை உலகத்துக்கு ஒன்றும் வந்து சேரவில்லையே!

நம் நாட்டுக்கு வந்த கருவிகள்

டாலண்ட் குடும்பத்தின் கைவண்ணம் கடல் கடந்து வந்தது. மருமகன் ராம்ஸ்டன் செய்த அளவைச் சங்கிலியும் வானை அளக்கும் கருவியும் சென்னைக்கு வந்தன. 1802-ம் ஆண்டு பரங்கிமலைப் பக்கத்தில் இருந்து லாம்டன் தொடங்கிய மாபெரும் நில அளவையில் அவை உழைத்தன.

திண்டுக்கல் மாவட்டத்தில், சமவெளியில் இருந்து பார்த்தால் மேற்கே தெரியும் மலைகளுக்கு மேலே, கொடைக்கானல் வானாய்வு நிலையம் இருக்கிறது. அது 1899-ல் நிறுவப்பட்டது. 1904 முதல் அங்கே சூரியனைத் தொடர்ந்து படம் எடுத்து வருகிறார்கள். சென்னை வானாய்வு நிலையத்தில் 19-ம் நூற்றாண்டின் நடுவில் இருந்த 6 அங்குலத் தொலைநோக்கி ஒன்று மலை ஏறி அங்கே போயிற்று. அதைச் செய்தது பிரெஞ்சுக் கம்பெனி. ஆனாலும் அதன் முகப்பில் உள்ளது இரட்டை லென்ஸ் வகைதான்.

பூட்டு ஊரில் ஒரு கேள்வி

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். பழைய பொருள்கள் இரண்டைச் சேர்த்தால் அது கண்டுபிடிப்பு ஆகுமா?

நமது இந்தியச் சட்டம் இதற்குத் தெளிவாகப் பதில் சொல்கிறது. 1970-ம் ஆண்டின் பேட்டண்ட் சட்டத்தின்படி, தெரிந்த பொருள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றும் தன் பழைய வேலையைத் தனித்தனியே செய்தால், அது கண்டுபிடிப்பு அல்ல. அந்தத் தொழில் தெரிந்தவருக்கு எளிதில் தோன்றக் கூடிய மாற்றத்துக்கும் பேட்டண்ட் கிடையாது.

அரிவாள்மனையைப் பாருங்கள். நுனியில் தேங்காய் துருவும் பல் இருக்கிறது. மிகவும் உபயோகமானது. ஆனால் அரிவாள் நறுக்குகிறது, பல் துருவுகிறது. ஒன்றால் மற்றொன்று மாறுவது இல்லை. இது வெறும் சேர்க்கை.

திண்டுக்கல் பூட்டு உலகம் அறிந்தது. 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதில் மணிப் பூட்டு என்று ஒரு வகை உண்டு. சாவியைத் திருப்பினால் மணி அடிக்கும். மணி பழையது, பூட்டு பழையது. ஆனால் சேர்ந்தபோது, யாரோ பூட்டைத் திறக்கிறார்கள் என்று வீட்டுக்காரருக்குச் சேதி போகிறது. இதைச் சேர்க்கை என்பதா, கண்டுபிடிப்பு என்பதா? முதன்முதலில் செய்தபோது மற்ற பூட்டு ஆசாரிகளுக்கு இது எளிதில் தோன்றி இருக்குமா என்பதைப் பொறுத்தே பதில் அமையும்.

1978-ம் ஆண்டு நமது சுப்ரீம் கோர்ட்டிலும் இதுபோன்ற வழக்கு வந்தது. உலோகப் பாத்திரங்களைக் கடைசல் இயந்திரத்தில் பிடித்துக் கொள்ளும் ஒரு அமைப்பு பற்றிய வழக்கு. பட்டறையில் சாதாரணமாகச் செய்யும் முன்னேற்றம் போதாது, புதிய பயனோ அறிவின் புதிய அடியோ இருக்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் கருத்து. பேட்டண்ட் நிற்கவில்லை.

இந்தத் தராசில் டாலண்டின் லென்சை வைத்துப் பார்ப்போம். இரண்டு கண்ணாடியும் கடையில் கிடைத்தவை. ஆனால் சேர்ந்தபோது, தனியாக எதுவும் செய்ய முடியாத வேலையைச் செய்தன. அது எளிதில் தோன்றக் கூடியதா என்றால், முடியவே முடியாது என்று நியூட்டன் சொல்லி இருந்தார். தொழிலில் பழுத்தவர்களும் பல ஆண்டுகள் அப்படியே நம்பினார்கள். டாலண்டும் நம்பினார். ஆய்லரும் கிளிங்கென்ஸ்டியர்னாவும் வழிகாட்டியது உண்மை. ஆனால் தாளில் இருந்த வழியைக் கண்ணாடியில் கொண்டு வந்தவர் டாலண்ட்தான்.

இன்றைய சட்டப்படி ஹாலின் பழைய தொலைநோக்கி வேறு விதத்தில் இடைஞ்சல் செய்யும். பேட்டண்ட் கேட்பதற்கு முன்பே அந்தப் பொருள் ஊருக்குத் தெரிந்து, வெளிப்படையாக உபயோகத்தில் இருந்தால், அது புதியது ஆகாது. ரகசியமாக மூலையில் கிடந்ததா, பலர் அறியப் பழகியதா என்று இன்றும் கோர்ட்டு துருவித் துருவிப் பார்க்கும். இப்போது பேட்டண்டின் காலம் 20 ஆண்டு. கண்டுபிடித்தவர் தன் முறையை ஒளிக்காமல் எழுதிக் கொடுத்தால்தான் அந்த உரிமை. காலம் முடிந்ததும் அது எல்லோருக்கும் சொந்தம்.

பீட்டர் டாலண்ட் 1820-ல் இறந்தார். அவர் தொடங்கிய கடை பல கைகள் மாறியது. 1927-ல் எயிட்சிசன் என்ற கம்பெனியோடு இணைந்தது. 2009-ல் வேறொரு பெரிய மூக்குக்கண்ணாடிக் கம்பெனியோடு சேர்ந்த பிறகு, கடைப் பலகையில் இருந்து டாலண்ட் என்ற பெயர் மெல்ல மறைந்தது.

பெயர் மறைந்தாலும் முறை மறையவில்லை. பைனாகுலர், நுண்ணோக்கி, கேமரா இவற்றில் எல்லாம் ஒரு கண்ணாடியின் குறையை இன்னொரு கண்ணாடி தீர்க்கும் அந்த உபாயம் இன்றும் வேலை செய்கிறது. கல்யாண வீட்டுப் படத்தில் மணமகளின் பட்டுச்சேலைக் கரை நிறம் சிதறாமல் விழுகிறதே, அதில் ஒரு பட்டு நெசவாளியின் உழைப்பும் இருக்கிறது.